நண்பர் போன பின் நட்புக்குள்ள வேலை

(முள்ளியவளையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தம்மோடு படித்து மறைந்த நண்பரின் நினைவாக இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய தோழர்கள் என்னை அழைத்தபோதே ஒன்றைச் சொல்லிவிட்டார்கள். தங்கள் நண்பருக்கு மேடைப் புகழ்ச்சி பிடிக்காது. ஆகவே அவரைப் புகழ வேண்டாம். அவரை நினைத்து ஊர் கூடும் நாளில் ஏதாவது ஒரு விஷயத்தை உருப்படியாக யோசித்தால் போதும். அப்படிச் சொல்லிப் பல்கலைக்கழகக் காலத்து நட்பையே பேசுபொருளாகத் தந்தார்கள். நான் அந்த நண்பரோடு பழகியவனல்லன். தெரியாத நட்பைப் பற்றிப் பேசப் போனால் வெறும் வார்த்தைதான் வரும். ஈழத்தமிழர் எல்லாரும் அறிந்த ஒரு நட்பை எடுத்துக்கொள்கிறேன்: பேராசிரியர் க. கைலாசபதிக்கும் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பிக்கும் இடையில் பேராதனையில் வளர்ந்த நட்பு. ஒருவர் 1982இல் போய்விட்டார். மற்றவர் 2011வரை இருந்தார். இடைப்பட்ட அந்த இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒரு நண்பருக்கு என்ன வேலை இருந்தது என்பதுதான் என் கேள்வி.

தேவந்தி நடந்த வழி

அதற்கு முன் இந்த ஊருக்கு நெருக்கமான ஒரு கதையைத் தொட்டுவிட்டுப் போகிறேன். வைகாசியில் காட்டா விநாயகர் ஆலயத்தில் கடல்நீரில் விளக்கெரித்து, பிறகு வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கலிடும் ஊர் இது. கோவலன் கூத்து ஆடிய மண். கண்ணகி கதையை இங்கே நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கு ஒரு தோழி இருக்கிறாள், தேவந்தி. கோவலன் பிரிந்திருந்த காலத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனாவை அவளிடம்தான் சொல்கிறாள். தேவந்தி அக்கறையோடு ஒரு வழி காட்டுகிறாள்: கடற்கரைத் துறைகளில் நீராடிக் காமவேள் கோயிலில் வணங்கினால் பிரிந்த கணவன் திரும்புவான். அது தனக்குப் பெருமை தராது என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். இருவருக்கும் இடையே நாம் கேட்கும் பேச்சு அவ்வளவுதான். அதுவே ஒரு மறுப்பு.

கதை மதுரையில் எரிந்து முடிகிறது. செய்தி புகாருக்கு வருகிறது. கண்ணகியின் தாயும் கோவலனின் தாயும் துயரம் தாங்காமல் இறக்கிறார்கள். அப்போது தேவந்தி புறப்படுகிறாள். காவற்பெண்டும் அடித்தோழியும் கூட வர, மதுரைக்குப் போய், அங்கே மாதரியின் மகள் ஐயையைக் கண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு சேர நாட்டு வஞ்சிக்கு நடக்கிறாள். சேர மன்னன் செங்குட்டுவன் முன் நின்று, கண்ணகிக்குத் தான் யார் என்று ஒவ்வொருத்தியும் சொல்கிறாள். கண்ணகி கோயிலில் நாள்தோறும் பூசை செய்யும் பொறுப்பைச் செங்குட்டுவன் தேவந்தியிடமே ஒப்படைக்கிறான். ஒரு காலத்தில் சொன்ன புத்தி கேட்கப்படாமற் போனவள்தான் கடைசியில் கண்ணகியின் சந்நிதியில் பணிசெய்யும் பொறுப்பை ஏற்கிறாள். என் பேச்சை நீ கேட்டிருந்தால் இப்படி வந்திருக்குமா என்று அவள் எங்கும் சொல்வதில்லை.

புறநானூற்றிலும் இப்படி ஒருவர் உண்டு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பாண்டி நாட்டிலிருந்து வந்து சேர்ந்த பிசிராந்தையாரை எல்லோருக்கும் தெரியும். உள்ளூர் நண்பர் பொத்தியாரை அவ்வளவாகப் பேசுவதில்லை. கூட வடக்கிருக்க வந்தவரை, உன் மனைவிக்குப் பிள்ளை பிறந்த பிறகு வா என்று சோழன் திருப்பி அனுப்பிவிட்டான். பிசிராந்தையாருக்கு உடனே சாக முடிந்தது. பொத்தியாருக்கு வெறுமையான உறையூருக்குத் திரும்பிப் போய், நாள் எண்ணி, பிறகு நடுகல்லாகிவிட்ட நண்பன் முன் வந்து தன் இடத்தைக் கேட்க வேண்டியிருந்தது. என் கண்ணுக்குப் பொத்தியார் பட்டதே கடினமான பாடு. நம்மில் பெரும்பாலோர் வாழ்வதும் அவருடைய நிலையில்தான். நண்பர் போய்விட்டார், நமக்கு இன்னும் இங்கே வேலை இருக்கிறது.

பேராதனையில் இருவர்

கைலாசபதி 1933 ஏப்ரலில் கோலாலம்பூரில் பிறந்தவர். உலகப் போருக்குப் பிறகு யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியிலும், பிறகு கொழும்பு றோயல் கல்லூரியிலும் படித்தார். சிவத்தம்பி 1932 மேயில் கரவெட்டியில் பிறந்தவர். விக்னேஸ்வராக் கல்லூரியிலும் கொழும்பு சாஹிறாக் கல்லூரியிலும் படித்தவர். இருவரும் 1950களின் நடுப்பகுதியில் பேராதனையில் சந்தித்தார்கள். இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல்தான் அங்கே இடம்மாறியிருந்தது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுமொழியிலேயே நாடகங்கள் எழுத, சு. வித்தியானந்தன் அவற்றை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றிய காலம். சிவத்தம்பி அந்த மேடைகளில் நடித்துப் பெயரெடுத்தவர்.

ஊர் நட்பு நாம் தேடி வருவதில்லை. ஒரே ஒழுங்கை, ஒரே கோயில், ஒரே பள்ளிக்கூடம் என்று பிறப்போடு வந்துவிடுகிறது. பல்கலைக்கழக நட்பில் யாரோடு சேர்வது என்பதை முதன்முறையாக நாமே தீர்மானிக்கிறோம். கரவெட்டிக்காரரும் மட்டக்களப்பாரும் மலையகத்தாரும் வன்னியாரும் ஒரே விடுதியில் சேர்கிறார்கள். புத்தகம் மாறுகிறது, கருத்து மாறுகிறது, சில வேளை சாதியும் சமயமும் பார்க்காத பழக்கம் வருகிறது. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது இன்னும் பெரிய திறப்பு. 1974இல் யாழ்ப்பாண வளாகம் வரும்வரை வன்னிப் பிள்ளை பேராதனைக்கோ கொழும்புக்கோதான் போகவேண்டும். பின்னர் வவுனியாவில் வளாகம் வந்தது. 2021இல் அது தனிப் பல்கலைக்கழகமாகியது. கிளிநொச்சி அறிவியல்நகரிலும் பீடங்கள் வந்தன. ஆனால் இடைப்பட்ட காலத்தில் போரால் ஏ9 வீதி மூடி, திறந்து, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. வீட்டுக்கு வர முடியாத பிள்ளைக்கு அறைத்தோழனே தாயும் தகப்பனுமானான். இந்தச் சபையில் அதை அனுபவித்தவர்கள் இருக்கிறீர்கள்.

பேராதனை நண்பர்களுக்கு வருகிறேன். கைலாசபதி தமிழ்ச் சிறப்புப் பாடத்தில் முதல் வகுப்பில் தேறி, 1959இல் ‘தினகரன்’ ஆசிரியரானார். அப்போது அவருக்கு 26 வயது. 1961இல் அந்த நாற்காலியை விட்டுப் பேராதனையில் விரிவுரையாளரானார். சிவத்தம்பி சாஹிறாவில் ஆசிரியராகவும், பாராளுமன்றத்தில் சமகால மொழிபெயர்ப்பாளராகவும் இருந்துவிட்டு வித்தியோதயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆய்வுக்கு இருவரும் ஒருவர் பின் ஒருவராகச் சென்ற இடம் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம். இருவருக்கும் ஒரே ஆசிரியர்: கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன். கிரேக்க நாடகத்தையும் பண்டைச் சமூகத்தையும் மார்க்சிய நோக்கில் ஆராய்ந்தவர் அவர்.

ஒரே ஆசிரியர், ஒரே தத்துவம், கையிலிருந்ததும் அதே சங்கப் பாடல்கள். கேள்விகள் மட்டும் வேறு. கைலாசபதி, இந்தப் பாடல்கள் எப்படிப் பாடப்பட்டன என்று கேட்டார். பாணரும் புலவரும் வாய்மொழியாகக் கட்டிய பாட்டுகள் என்று கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் வீரப் பாடல்களோடு ஒப்பிட்டுக் காட்டினார். 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்ட அந்த நூல் பின்னாளில் ‘தமிழ் வீரநிலைக் கவிதை’ என்று தமிழிலும் வந்தது. இந்தப் பாடல்களை உண்டாக்கிய சமூகம் எப்படிப்பட்டது என்பது சிவத்தம்பியின் கேள்வி. 1974இல் திணைக் கோட்பாட்டைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரையில், குறிஞ்சியும் முல்லையும் மருதமும் ஒரே காலத்தில் வெவ்வேறு வளர்ச்சிப் படிகளில் நின்ற சமூகங்கள் என்று வாதிட்டார். பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய அவருடைய பெரிய ஆய்வு 1981இல் நூலாகியது. ஒருவர் தேர்ந்த களத்தில் மற்றவர் இறங்க அஞ்சவில்லை. இறங்கியபோது நண்பர் சொன்னதையே திருப்பிச் சொல்லவுமில்லை. நட்பு அறிவுத்துறையில் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி இந்த இரண்டு நூல்களும் அருகருகே நிற்பதுதான்.

கட்சி பிரிந்தபோது

1963–64இல் உலகக் கம்யூனிஸ்ட் இயக்கம் மொஸ்கோ, பீகிங் என்று பிளந்தது. இலங்கைக் கட்சியும் பிளந்தது. நா. சண்முகதாசன் பீகிங் அணியை நடத்தினார். யாழ்ப்பாணத்து எழுத்தாளர் நடுவிலும் அந்தக் கோடு விழுந்தது. கே. டானியல் ஒரு பக்கம், டொமினிக் ஜீவா மறுபக்கம். இருவரும் சாதிக் கொடுமைக்கு எதிராக ஒன்றாக எழுத வந்தவர்கள். கைலாசபதி பீகிங் பக்கம் சாய்ந்தார்; பின்னாளில் சீனம் போய்வந்து நூலும் எழுதினார். சிவத்தம்பி மொஸ்கோ பக்கம் நின்றார்.

இன்றைய பிள்ளைகளுக்கு இது அற்ப விஷயமாகப் படலாம். அந்தக் காலத்தில் இது வீட்டுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும் அளவுக்கு இருந்தது. நம் தலைமுறையில் இயக்கங்கள் பிரிந்தபோது என்ன நடந்தது என்பதை நினைத்தால் அதன் கனம் புரியும். நேற்றுவரை ஒரே கோப்பையில் தேநீர் குடித்தவர்கள் மறுநாள் முகம் பார்க்காமற் போனதை வன்னியில் கண்டிருக்கிறோம். அதைவிடக் கொடியதையும் கண்டிருக்கிறோம். இவர்கள் இருவரும் அந்தக் கோட்டின் இரு பக்கமும் நின்றுகொண்டே நண்பர்களாக இருந்தார்கள். முற்போக்கு இலக்கியத்தை இருவரும் தாங்கினார்கள், ‘மல்லிகை’ இதழில் இருவரும் எழுதினார்கள். 1974 ஓகஸ்டில் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராகக் கைலாசபதி பொறுப்பேற்றார். 1978இல் சிவத்தம்பி அங்கே வந்து சேர்ந்தார். அதன் பிறகு இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்தது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்.

கைலாசபதிக்கு எதிரிகள் குறைவில்லை. அவருடைய ‘தமிழ் நாவல் இலக்கிய’த்தைத் தமிழகத்தில் வெங்கட் சாமிநாதன் கடுமையாகத் தாக்கினார். இங்கே மு. தளையசிங்கம் முற்போக்காளரின் அணுகுமுறையையே கேள்விக்குட்படுத்தினார். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்ததா என்பது வேறு வாதம். சுற்றிலும் இவ்வளவு சண்டை நடக்கும்போது, உள்ளே மாறுபட்டும் வெளியே கைவிடாமலும் நிற்கும் ஒருவர் கிடைப்பது பெரும் பேறு. அது கைலாசபதிக்குக் கிடைத்தது.

அந்த இருபத்தெட்டு ஆண்டுகள்

1982 டிசம்பர் 6ஆம் திகதி கைலாசபதி காலமானார். வயது 49. நாட்டைப் புரட்டிப்போட்ட 1983 யூலைக்கு ஏழு மாதம் முன்பு. அடுத்து நடந்த எதையும் அவர் காணவில்லை: கறுப்பு யூலை, இந்திய இராணுவம், இடப்பெயர்வு, 2009. அத்தனையையும் சிவத்தம்பி கண்டார். 1980களின் நடுவில் பிரஜைகள் குழுக்களில் பொறுப்பேற்று இராணுவ அதிகாரிகள் முன் மக்களுக்காகப் பேசினார். அகதிகள் புனர்வாழ்வுப் பணிகளிலும் ஈடுபட்டார். 1950களில் இருவரும் சேர்ந்து கற்ற மார்க்சியத்தில் இதற்கெல்லாம் ஆயத்த விடை இருக்கவில்லை. கேட்டுப்பார்க்க நண்பரும் இல்லை.

அப்போது சிவத்தம்பி செய்த ஒன்றைக் கவனியுங்கள். கைலாசபதியின் முதல் நூல்களில் ஒன்று, 1962இல் வந்த ‘இரு மகாகவிகள்’. பாரதியையும் தாகூரையும் ஒப்பிட்டது. அவர் எழுதிவைத்த பாரதிக் கட்டுரைகள் ‘பாரதி ஆய்வுகள்’ என்று 1984இல், அவருக்குப் பின், நூலாக வந்தன. அதே ஆண்டில் சிவத்தம்பி அ. மார்க்சோடு சேர்ந்து ‘பாரதி: மறைவு முதல் மகாகவி வரை’ என்ற நூலை வெளியிட்டார். கைலாசபதிக்குப் பாரதி ஏன் மகாகவி என்பது ஆய்வு. சிவத்தம்பி அதற்கடுத்த கேள்வியைப் பிடித்தார்: 1921இல் ஒரு சிலர் மட்டுமே சூழச் சுடுகாட்டுக்குப் போன மனிதர் எப்படி, யார் யார் முயற்சியால், எந்த அரசியல் தேவைகளால் மகாகவி ஆனார்?

அந்த விடையில் நண்பர்களுக்கு இடமுண்டு. பாரதி ‘தம்பி’ என்றழைத்த பரலி சு. நெல்லையப்பர், அவரைப் பதிப்பித்தார். வ.ரா. அவருக்காக வாதாடினார். பாரதி மகாகவியா என்று 1930களில் கல்கி ஐயம் எழுப்ப, பத்திரிகைகளில் பெரும் சண்டை நடந்தது. அந்தச் சண்டையிலிருந்துதான் கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் சேர்ந்தெழுதிய ‘கண்ணன் என் கவி’ 1937இல் பிறந்தது. மறுத்தவர் இருந்ததால்தான் ஆதரித்தவர் தங்கள் காரணங்களைத் தேடி எழுதவேண்டி வந்தது. பாரதிக்குக் கோயில் கட்டியவர்களைவிட அவரைக் கேள்வி கேட்டவர்களும் பதில் சொன்னவர்களுமே அவரை நமக்குத் தந்தார்கள்.

இறந்த நண்பரின் பிரியமான பொருளை எடுத்து, அவர் விட்ட இடத்திலிருந்து அடுத்த கேள்வியைக் கேட்பது: சிவத்தம்பி செய்த அஞ்சலிகளில் எனக்குப் பெரிதாகப்படுவது இதுதான். அதன் பிறகும் அவர் நிற்கவில்லை. 1988இல் ‘தமிழில் இலக்கிய வரலாறு’ என்ற நூலில், வரலாறு எழுதும் முறையையே ஆராய்ந்தார். 2001இல் பின்நவீனத்துவம் பற்றி எழுதினார். இருவரும் இளமையில் ஏற்றுக்கொண்ட சட்டகங்களைத் தாண்டிப் போனார். நண்பரின் நினைவுக்குத் துரோகம் செய்கிறோமோ என்று தயங்கி 1982இலேயே நின்றிருந்தால் நமக்குப் பாதிச் சிவத்தம்பிதான் கிடைத்திருப்பார்.

வேறொரு வழியும் உலகில் உண்டு. ஆங்கிலக் கவி டெனிசன், கேம்பிரிட்ஜ் தோழர் ஆதர் ஹாலம் 1833இல் 22 வயதில் இறந்ததும் எழுதத் தொடங்கிய இரங்கற் பாடல்களைப் பதினேழு ஆண்டு கழித்து, 1850இல்தான் வெளியிட்டார். துயரத்தையே பெரும் படைப்பாக்கிய வழி அது. எல்லாருக்கும் கவிதை வராது. சிவத்தம்பியின் வழி நம்மைப் போன்றோருக்கும் திறந்திருக்கிறது.

நம்முடைய கல்வெட்டுகள்

இனி இந்த ஊருக்கு வருகிறேன். நம் வீடுகளில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்ற சிறு நினைவுப் புத்தகம் அச்சிடுகிறோம். படம், திதி வெண்பா, வம்சாவழி, திருமுறைப் பாடல்கள், பேரப்பிள்ளைகளின் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். நடுவில் எங்கோ ஒரு பக்கம் நண்பருக்கு. அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பழகுவதற்கு இனியவர், பண்பாளர், கோபமே வராதவர். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். குடும்பத்துக்குத் தெரியாத ஒரு மனிதரை நண்பருக்குத் தெரியும்: இருபது வயதில் அவர் எதை நம்பினார், எந்தப் புத்தகத்துக்காக இரவு முழுவதும் சண்டை பிடித்தார், எந்தக் காதலை விட்டார், எந்த வேலையை ஏன் ஏற்கவில்லை. அது எழுதப்படாமற் போனால் வேறு எவரும் எழுதப்போவதில்லை.

அந்தச் சிறு புத்தகங்களை யாரும் இலக்கியமாக மதிப்பதில்லை. ஆனால் ஒரு ஊரின் வரலாற்றை எழுதப் போகிறவருக்கு அவை பெரும் ஆதாரம். யார் எங்கே படித்தார், எந்தக் காணியில் குடியேறினார், எந்த ஆண்டு எந்தப் பாடசாலையில் படிப்பித்தார் என்பதெல்லாம் அவற்றில்தான் கிடைக்கும். முல்லைமணியைப் போல வன்னியின் பழங்கதையைத் தேடி எழுதியவர் பிறந்த ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிமத் தொகுப்பில் ஈழத்தவர் கல்வெட்டுகளும் நினைவு மலர்களும் ஏராளமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. வன்னியின் பங்கு அங்கே குறைவாகத் தெரிந்தால் அதற்குக் காரணம் நமக்குத் தெரியும். 2008 கடைசியில் போரால் இந்த ஊரை விட்டுப் போனவர்கள் அலுமாரியைக் கொண்டுபோகவில்லை. திரும்பி வந்தபோது பல வீடுகளில் சுவர்கூட இருக்கவில்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 2009 போரில் இறந்தவர்களில் பலருக்குக் கல்வெட்டே இல்லை. சிலருக்குத் திதி பார்க்க நாளும் தெரியாது. அவர்களில் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் இருந்தார்கள், படித்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். குடும்பமே இல்லாமற் போன இடங்களில் அவர்களைத் தெரிந்தவர் என்று மிஞ்சியிருப்பது ஒன்றாகப் படித்தவர்கள்தாம். தேவந்தி வஞ்சியில் நின்று செய்தது அதைத்தான்: இவள் எனக்கு யார் என்று தெரிந்தவர் முன்னும் தெரியாதவர் முன்னும் சொன்னாள்.

ஆகவே இந்த அறக்கட்டளைத் தோழர்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று. முள்ளியவளை, தண்ணீரூற்று, குமுழமுனை, வற்றாப்பளை, ஒட்டுசுட்டான் என்று சுற்றுவட்டார வீடுகளில் மிஞ்சியிருக்கும் கல்வெட்டுகளைக் கேட்டு வாங்கி, படியெடுத்துத் திருப்பிக் கொடுங்கள். புலம்பெயர்ந்த உறவினர் வீடுகளிலும் படிகள் இருக்கும்; தபாலில் ஒன்று போயிருக்கும். கல்வெட்டே இல்லாதவர்களுக்கு, அவர்களோடு படித்தவர்கள் இரண்டு பக்கம் எழுதட்டும். பண்பாளர் என்று எழுத வேண்டாம். எந்த அறையில் யார் யாரோடு இருந்தார், எதைப் படித்தார், எதற்காக வாதாடினார், உங்களோடு எதில் ஒத்துப்போகவில்லை என்று எழுதுங்கள். வித்தியானந்தாக் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர்கள் அவற்றைத் தட்டச்சு செய்து தரலாம். கம்பஸ் போகுமுன்னே நட்பு என்னவென்று அவர்களும் கொஞ்சம் அறிந்துகொள்வார்கள்.

இரண்டாவது வேண்டுகோள் இந்த மேடைக்கு. உங்கள் நண்பர் படிப்பித்தவர், எழுதியவர், ஊர்க் காரியங்களில் உறுதியான கருத்துடையவர் என்று கேள்விப்பட்டேன். அவர் கருத்துகளோடு ஒத்துப்போகாதவர்களும் இதே ஊரில் இருப்பார்கள். அவரோடு படித்தவர்களிலும் இருப்பார்கள். அடுத்த சொற்பொழிவுக்கு அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். உங்கள் நண்பர் சொன்னதில் ஒன்றை எடுத்து, அது ஏன் பிழை என்று அவர் ஒரு மணித்தியாலம் பேசட்டும். அதற்குப் பதில் சொல்ல உங்கள் நண்பரின் மாணவர் ஒருவர் எழும்பட்டும்.